கொடுக்கும் தொட்டியும் கொள்ளும் எக்கியும்

சேறு படிந்த பேருந்துகளையும் சரக்குந்துகளையும் சில நிமிடங்களில் தூய்மையாக்கும் பொறி ஒன்றைச் சாலையோரக் கொட்டில்களில் பலரும் கண்டிருப்பர். மக்கள் அதனைப் 'பிரஷர் வாஷர்' என வழங்குவர். ஜெர்மனி நாட்டு ஆல்பிரட் கார்ச்சர் என்பார், வெந்நீரால் கழுவும் இவ்வகைப் பொறியை 1950-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் முதன்முதல் உருவாக்கினார். இப்பொறியின் உயிர்நிலை அதன் எக்கியேயாகும். பெரிய எக்கிகள் வளிமண்டல அழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் நீரைச் சிறு துளை வழியே செலுத்தும். ஆயினும், இத்துணை வலிய கருவி தனக்கு வேண்டிய நீர் தடையின்றி வந்து சேராவிடின் விரைவில் கெட்டொழியும்.

எக்கி நீரை இழுக்கிறது என்பது உலக வழக்கு. உண்மையில், எக்கியினுள் அழுத்தம் குறையும்பொழுது வெளிக்காற்றின் அழுத்தமே நீரை உள்ளே தள்ளுகிறது. காற்றுக்கு எடை உண்டு என்பதை இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி 1644-ஆம் ஆண்டில் எழுதிய மடலில் விளக்கினார். நீர்வரவு குறைந்தால் எக்கியினுள் அழுத்தம் மிகத் தாழும். நீர் சூடேறாமலே கொதித்து ஆவிக்குமிழிகள் தோன்றும். அழுத்தம் மீண்டும் உயரும்பொழுது அக்குமிழிகள் சடுதியில் ஒடுங்கி, உலோகத்தைத் தாக்கி அரிக்கும். இவ்வாறு ஒடுங்கும் குமிழியில் எழும் அழுத்தத்தை ரேலி பெருமகனார் 1917-ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினார். எக்கியினுள் கூழாங்கற்கள் உருள்வது போன்ற ஓசை எழுந்தால் உடனே அதனை நிறுத்துதல் வேண்டும். கடன்பெற்றுப் பொறி வாங்கிய தொழிலாளிக்கு எக்கியின் அழிவு பிழைப்பின் அழிவன்றோ?

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். ஓர் எக்கி நிமிடத்திற்கு 15 லிட்டர் நீர் கொள்கிறது என்றும், தெருக்குழாய் 8 லிட்டரே தருகிறது என்றும் கொள்வோம். குறை 7 லிட்டர். இக்குறையை நிரப்புவதே தொட்டியின் பணி. 500 லிட்டர்த் தொட்டியின் அடியில் 80 லிட்டரை விட்டுவைத்தால், எஞ்சிய 420 லிட்டர் சரியாக ஒரு மணிநேரத்திற்குப் போதும். பின்னர் எக்கிக்கு ஓய்வு தந்து தொட்டியை நிரப்புதல் வேண்டும்.

தொட்டி அமைக்குமுன், தொட்டிநீரை ஏற்கும் எக்கிதானா என்பதை அதனுடன் வரும் குறிப்பேட்டில் காண்டல் முதற்கடன். தொட்டி எக்கியினும் உயரத்தில் இருத்தல் நன்று. 500 லிட்டர் நீரின் எடை 500 கிலோகிராம். ஆதலின் மேடை உறுதியுடையதாக இருத்தல் வேண்டும். ஒரு மீட்டர் உயரம், வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கையே தரும். எனவே, எக்கிக்குச் செல்லும் குழாய் அகலமாகவும் நீளம் குறைந்ததாகவும் வளைவுகள் இன்றியும் அமைதல் வேண்டும். மெல்லிய குழாய் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். ஆதலின் தடித்த குழாயே ஏற்றது.

நீர் வெளியேறும் வாயைத் தொட்டியின் அடியினின்று சற்று உயர்த்தி வைத்தால் வண்டல் எக்கியை அடையாது. ஆயினும் வடிகட்டி ஒன்று இன்றியமையாதது. நீர்மட்டம் அவ்வாய்வரை தாழ்ந்தால் சுழி தோன்றிக் காற்றும் உடன்புகும். அடியில் நீரை விட்டுவைப்பது இதன்பொருட்டே. தொட்டி நிறைந்ததும் வரவை அடைக்க மிதவை வால்வு உதவும். மூடியில் காற்றுத்துளை வேண்டும். அதனைக் கொசு புகாத வலையால் மூடுதல் வேண்டும். தெருக்குழாயின் முனை தொட்டிநீரில் மூழ்காது மேலே நிற்பின், அழுக்குநீர் குடிநீர்க் குழாய்க்குத் திரும்பாது.

பொறியை இயக்குமுன், கைப்பிடியை அழுத்தி, குழாயிலுள்ள காற்று முழுதும் நீங்கி நீர் சீராக ஒழுகும்வரை பொறுத்திருத்தல் வேண்டும்.

2019-ஆம் ஆண்டுக் கோடையில், சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு மக்கள் குடங்களுடன் வரிசையில் நின்றனர். ஆதலின், வண்டி கழுவக் குடிநீரைச் செலவிடாது, கூரையில் வீழும் மழைநீரை வடிகட்டித் தொட்டியில் சேர்த்தல் அறிவுடைமையாகும். எக்கியின் ஆரவாரத்தைக் காண்போர் பலர். அதன் பின்னே அமைதியாக நின்று நீர் ஊட்டும் தொட்டியை எண்ணுவோர் சிலர். வரவறிந்து செலவிடும் இல்லம்போல, தொட்டியின் அளவறிந்து இயங்கும் எக்கியே நெடுங்காலம் உழைக்கும்.