பால்குடிக்குப் பாடு எதற்கு?

அன்பு மகளுக்கு,

சித்தி எழுதுகிறேன். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம்தான் பால் என்று கைப்பேசியில் அலாரம் வைத்திருக்கிறாயாம். நடுவில் பிள்ளை சிணுங்கினால் தட்டித் தட்டித் தூங்க வைக்கிறாயாம். உன் அம்மா சொன்னாள். முதலில் அந்த அலாரத்தை அணைத்துவிடு.

பழவேற்காடு ஏரியில் இறால் ஓடும் இடங்களில் வலை கட்டப் பாடு முறை உண்டு. இன்று ஒருவர் முறை, நாளை இன்னொருவர் முறை. பல குப்பத்து ஜனம் பிழைக்கிற ஏரிக்கு அது நியாயம். உன் பாலுக்கு ஒரே பங்காளிதான். அவனுக்கு எதற்கு முறை?

பால் சுரப்பதன் கணக்கு இதுதான்: மார்பு நிறைந்தே நின்றால் சுரப்பு தணியும், பிள்ளை குடித்துக் காலி செய்தால் வேகம் பிடிக்கும். அவன் சப்பும்போதுதான் பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் உன் இரத்தத்தில் ஏறுகிறது. இரவில் அது கூடுதல். ஆகவே ராத்திரிப் பாலைக் குறைத்தால் பகல் பாலும் குறையும். சிலருக்கு ஒரே நேரத்தில் நிறையத் தேங்கும், சிலருக்குக் கொஞ்சம். கொஞ்சம் தேங்குகிறவளின் பிள்ளை அடிக்கடி கேட்கும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதே.

கடிகாரம் பார்த்துப் பாலூட்டச் சொன்னவர்களில் பேர்போனவர் நியூசிலாந்து மருத்துவர் ட்ரூபி கிங். நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம், ராத்திரியில் கிடையாது என்பது 1913இல் வந்த அவர் புத்தகத்தின் சட்டம். பண்ணையில் கன்றுகளுக்குப் பால் வைத்துப் பழகியவர் அவர்! 1942இல் அமெரிக்காவில் பிரான்சிஸ் சிம்சாரியன் என்ற உளவியலாளர், தன் பிள்ளை கேட்டபோதெல்லாம் கொடுத்து, அதை எழுதியும் வைத்து, மருத்துவர் மெக்லெண்டனோடு சேர்ந்து வெளியிட்டார். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2018இல் திருத்திய தாய்ப்பாலூட்டலுக்கான பத்துப் படிகளில், பிள்ளையின் பசிக் குறிப்பறிந்து கொடுப்பதும் ஒரு படி.

அழுகை கடைசிக் குறிப்பு. அதற்கு முன்பே தூக்கத்தில் கண்ணிமைக்குள் விழி உருளும். வாய் திறந்து திறந்து மூடும். தலை பக்கவாட்டில் திரும்பித் தேடும். முஷ்டி வாய்க்குப் போகும். அப்போதே எடுத்துக்கொள். வீறிட்ட பிறகு எடுத்தால் மார்பைச் சரியாகக் கவ்வாது. குடிக்கும்போது காதோரம் தாடை இறங்கி ஏறுகிறதா, விழுங்கும் சத்தம் கேட்கிறதா என்று கவனி. நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை என்பது சாதாரணம்.

விளக்கு வைக்கிற நேரத்தில் விட்டு விட்டுக் குடித்துக்கொண்டே இருப்பான். "பால் பத்தல, டின் பால் வாங்கு" என்ற பேச்சு அப்போதுதான் எழும். ஒரு புட்டி உள்ளே போனால் மார்பில் ஒரு வேளைப் பால் தங்கும், சுரப்பு தணியும். நாளுக்கு ஆறு துணியாவது நன்றாக நனைகிறதா, பிறந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்பி, பிறகும் ஏறுகிறதா என்று பார். ஏறினால் பால் போதும். ஆறு மாதம் வரை தண்ணீரும் வேண்டாம், சித்திரை வெயிலானாலும் சரி. தாய்ப்பாலில் பெரும்பங்கு தண்ணீர்தான். பால் ஊறும் என்று அத்தை பால்சுறாப் புட்டு செய்து கொடுத்தால் மறுக்காமல் சாப்பிடு, அருமையாக இருக்கும். ஆனால் பாலைக் கூட்டுவது பிள்ளையின் வாய்.

கேட்டால் கொடு என்பதற்கு, கேட்காவிட்டால் விட்டுவிடு என்று பொருள் இல்லை. எடை குறைவாகப் பிறந்த பிள்ளையும் மஞ்சள் காமாலை கண்ட பிள்ளையும் கேட்கத் தெம்பில்லாமல் தூங்கும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிக் கொடுக்க வேண்டும். நனையும் துணி குறைந்தாலோ, எழுப்பியும் குடிக்காவிட்டாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ.

இதெல்லாம் சொல்ல எளிது, செய்கிறவள் நீ. அடுப்பு, துணி, மீன் ஆய்வது என்று எல்லாம் உன் தலையில் இருந்தால் எந்தத் தாய்க்கும் முடியாது. மீன் பிடித்துக் கரைக்கு வந்தபின் உன் வீட்டுக்காரர் சோறு வடிக்கட்டும், துணி அலசட்டும். இந்தக் கடைசிப் பத்தியை மட்டும் அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு.

அன்புடன்,
சித்தி