நகை வீட்டிலேயே இருக்கட்டும்

என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்து இப்போது பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பொறியியல் படிக்க ஆசைப்படுகிறாள். எங்கள் குடும்பத்தில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. கட்டணத்துக்காக நகையை அடகு வைக்கலாமா?
– வாசகி ஒருவர், திண்டுக்கல்

வேண்டாம் அம்மா, அவசரப்படாதீர்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதே உங்கள் மகளின் பெரிய சொத்து. அப்படிப் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் தமிழக அரசே ஏற்கிறது. தலைமையாசிரியரிடம் படிப்புச் சான்றிதழை இப்போதே கேட்டு வாங்குங்கள்.

அந்த ஒதுக்கீட்டில் கிடைக்காமல் பொதுக் கலந்தாய்வில் இடம் கிடைத்தாலும், குடும்பத்தின் முதல் பட்டதாரி என்ற கட்டணச் சலுகை இருக்கிறது. அந்தச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்றிதழுக்கும் அங்கேயே கொடுத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இந்த இரண்டு சலுகையும் கிடையாது. "இன்றே முன்பணம் கட்டினால் சீட் உறுதி" என்று யார் சொன்னாலும், கலந்தாய்வு முடியும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். பேருந்துக்கும் புத்தகத்துக்கும் உதவும்.

இதற்கு மேலும் பணம் தேவைப்பட்டால் வங்கியில் கல்விக் கடன் கேளுங்கள். 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை தேவையில்லை. படிக்கும் காலத்தில் தவணையும் கட்ட வேண்டியதில்லை.