நாலு சக்கரம் என்றால் கவிழாதா?

கோடை விடுமுறை நெருங்கினாலே என்னிடம் இந்தக் கேள்வி வந்துவிடும். பிள்ளையின் கை முறிவுக்கு மாவுக்கட்டுப் போட வந்த அப்பாவே கேட்பார்: "டாக்டர், பைக் வேணும்னு அடம் பிடிக்கிறான். தோப்புக்குள்ள ஓட்ட மினி ஏடிவி வாங்கிக் கொடுத்திரலாம்னு இருக்கேன். நாலு சக்கரம், விழ மாட்டான்ல?" இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. எழுதியே விடுகிறேன்.

நம்பிக்கை: நாலு சக்கர வண்டி கவிழாது.

உண்மை: கவிழும். பைக் சரிந்தால் பெரும்பாலும் ஆள் ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமும் போகும். குவாட் பைக், அதாவது இந்த நாலு சக்கர ஏடிவி, ஓட்டுபவர் மேலேயே புரளும்.

அமைப்பே அப்படி. இருக்கை உயரத்தில் இருக்கும், வண்டியின் அகலமோ குறைவு. சிறுவர் வண்டிகள் பலவற்றில் பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பூட்டியிருக்கும். இரு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும், காரில் உள்ள டிஃபரன்ஷியல் கிடையாது. அதனால் வளைவில் வண்டி நேராகவே போகப் பார்க்கும். ஓட்டுபவர் உடம்பை உள்பக்கம் சாய்த்து, தன் எடையால் அதைத் திருப்ப வேண்டும். 110 சிசி வண்டி நூறு கிலோவை ஒட்டி இருக்கும். 28 கிலோ பையன் எந்த எடையைக் கொண்டு திருப்புவான்? தோப்பு என்ன சமதளமா? பாத்தி, வரப்பு, வாய்க்கால் கரை. ஒரு பக்கச் சக்கரம் கரையில் ஏறினால் போதும்.

அடியில் சிக்கினால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். குழந்தையின் விலா எலும்பு வளைந்து கொடுக்கும். அது உடையாமலே உள்ளே நுரையீரல் நசுங்கும். காலில் வளர்ச்சித் தட்டு முறிந்தால், கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கால் குட்டையாகவோ கோணலாகவோ வளரலாம்.

'வெளிநாட்டில் ஓட்டுகிறார்களே' என்பார்கள். அமெரிக்காவில் மூன்று சக்கர ஏடிவி ஆபத்தானது என்று, 1988-இல் அரசோடு செய்த உடன்பாட்டின்படி கம்பெனிகள் அதன் விற்பனையை நிறுத்தின. நான்காவது சக்கரம் வந்தும் சாவு நிற்கவில்லை. 16 வயதுக்குக் கீழே யாரும் ஓட்டக் கூடாது என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமி. ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் முதல், பண்ணை வேலைக்கு விற்கும் புதிய குவாட் பைக்குகளில், கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் சட்டகம் கட்டாயம். கவிழாத வண்டிக்கு அந்தச் சட்டம் எதற்கு ஐயா?

நம்பிக்கை: கொஞ்சம் பெரிதாக வாங்கினால் நாலு வருஷம் ஓடும்.

உண்மை: இது ஜூன் மாதம் எடுக்கும் பள்ளிச் சீருடை இல்லை. உட்கார்ந்தால் பாதம் முழுதும் மிதியில் பதிய வேண்டும். ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பியபோதும் விரல் பிரேக்கை எட்ட வேண்டும். எட்டவில்லையா, வாங்காதீர்கள்.

நம்பிக்கை: பின்னால் நான் உட்கார்ந்துகொண்டால் பயமில்லை.

உண்மை: அது ஒருவருக்கான வண்டி. நீங்கள் உட்கார்ந்தால் அவன் உடம்பைச் சாய்க்க இடமில்லை. கவிழ்ந்தால் உங்கள் எடையும் அவன்மேல்தான்.

நம்பிக்கை: 50 சிசிதானே, லைசென்ஸ் வேண்டாம்.

உண்மை: மோட்டார் வாகனச் சட்டம் விலக்குவது 25 சிசிக்கு மேற்படாத, நான்கு சக்கரத்துக்குக் குறைந்த வண்டியை. 16 வயதுக்கான 50 சிசி சலுகை இருசக்கர வண்டிக்கு. பதிவில்லாத குவாட் பைக்கை ரோட்டிலோ கடற்கரையிலோ பிள்ளை ஓட்டினால், 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் வரலாம்.

இதற்குப் பிறகும் வாங்குவேன் என்றால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகும் கயிறு இழுத்தால் எஞ்சின் நிற்கும் கில் ஸ்விட்சும் உள்ளதாக வாங்குங்கள். அமெரிக்கத் தரநிலை சிறுவர் வண்டிகளை வேகத்தை வைத்தே வயதுவாரியாகப் பிரிக்கிறது: ஆறு வயதுக்கான வண்டி மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. சமதளத்தில் மட்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க ஓட்டட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஹெல்மெட். ஏடிவிக்கு மட்டும் சொல்லவில்லை. காலையில் பள்ளி வாசலில் பாருங்கள்: அப்பா தலையில் ஹெல்மெட், பின்னால் இருக்கும் பிள்ளை தலையில் ரிப்பன். நாலு வயது தாண்டிய எல்லோருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஏடிவிக்கு எடுத்துவைத்த பணத்தில் முதலில் பிள்ளையின் தலைக்குப் பொருந்துகிற ஒன்றை வாங்குங்கள். மிச்சத்தை அப்புறம் பேசலாம்.