குலமா, தகுதியா? – தாலூத் வரலாறும் சோமாலியாவின் தலைமைத் தேர்வும்

 

சோமாலியா என்றதும் நம்மில் பலருக்குப் பஞ்சமும் கடற்கொள்ளையும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அங்கே ஏறத்தாழ எல்லோரும் முஸ்லிம்கள். பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள், நம் கடற்கரை ஊர்களில் பலரைப் போல. பெரும்பாலோருக்கு மொழியும் ஒன்றுதான். இத்தனை ஒற்றுமை இருந்தும், நாட்டுக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் எழும் கேள்வி, "இவர் எந்தக் குலம்?" என்பதுதான்.

இந்த நிலை எப்படி வந்தது? 1991 ஜனவரியில் ஸியாத் பர்ரேயின் ஆட்சி கவிழ்ந்தது. நாடு உள்நாட்டுப் போரில் சிதறியது. 2000-ஆம் ஆண்டு ஜிபூட்டி நாட்டின் அர்தாவில் கூடிய சமாதான மாநாட்டில் ஒரு பங்கீடு வகுத்தார்கள். அதற்கு 4.5 என்று பெயர். தாரூத், ஹவியே, திர், ரஹன்வெய்ன் ஆகிய நான்கு பெரிய குலங்களுக்கும் பாராளுமன்றத்தில் தலைக்கு ஒரு பங்கு. மற்ற எல்லோருக்கும் சேர்த்து அரைப் பங்கு. அந்தப் பாராளுமன்றம்தான் அதிபரைத் தேர்ந்தெடுக்கும். 2012-ல் குலப் பெரியவர்கள் 135 பேர் கூடி உறுப்பினர்களைத் தேர்வு செய்தார்கள். 2016-17-ல் கீழவையின் 275 இடங்களுக்கு, இடத்துக்கு 51 பேர் வீதம் 14,025 பேர் வாக்களித்தார்கள். அடுத்த முறை இடத்துக்கு 101 பேர். அதிபர் ஹவியே என்றால் பிரதமர் தாரூத், அதிபர் தாரூத் என்றால் பிரதமர் ஹவியே என்பது வழக்கமாகவே ஆகிவிட்டது.

இதைக் கேட்டதும் "ஜாஹிலிய்யா!" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். கொஞ்சம் பொறுங்கள். அரசாங்கமே இல்லாத ஆண்டுகளில் அந்த மக்களைக் காப்பாற்றியது எது? மழை பொய்த்து ஒட்டகங்கள் மடிந்தபோது உறவினர்தான் கொடுத்தார்கள். கொலை நடந்தால் இழப்பீட்டுத் தொகையைக் குலம்தான் சேர்ந்து செலுத்தியது. குலம் இல்லாதவனுக்குக் கேட்க நாதி இல்லை. இப்படி வாழ்ந்த ஒருவர் தன் குலத்தான் பதவிக்கு வரவேண்டும் என்று நினைப்பதில் பயமும் இருக்கிறது. குலங்களையும் கோத்திரங்களையும் படைத்ததே ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகத்தான் என்று அல்லாஹ் சொல்லிக் காட்டுகிறான் (49:13). குலம் இருப்பது குற்றமில்லை. அதைத் தகுதியின் இடத்தில் கொண்டுபோய் வைப்பதில்தான் கேடு.

இதற்குக் குர்ஆனிலேயே ஒரு நிகழ்வு இருக்கிறது. அல்பகரா அத்தியாயத்தின் 246-வது வசனத்திலிருந்து பாருங்கள். பனூ இஸ்ராயீல்கள் வீடு வாசலை இழந்து, பிள்ளைகளைப் பிரிந்து நின்ற நேரம். தங்கள் நபியிடம் வந்து, நாங்கள் போரிட ஓர் அரசரை நியமியுங்கள் என்று கேட்கிறார்கள். தாலூத்தை அல்லாஹ் அரசராக நியமித்திருக்கிறான் என்று நபி அறிவிக்கிறார். கேட்டவர்களே எதிர்க்கிறார்கள். அவருக்கு எப்படி ஆட்சி கிடைக்கும், எங்களுக்கல்லவா அதில் அதிக உரிமை, அவரிடம் செல்வ வளமும் இல்லையே என்கிறார்கள்.

ஏன் "எங்களுக்கே உரிமை" என்றார்கள்? தஃப்ஸீர் ஆசிரியர்கள் விளக்குகிறார்கள்: அவர்களிடையே நபித்துவம் லாவியின் வழியில் வந்தது, அரசாட்சி யஹூதாவின் வழியில் வந்தது. தாலூத்தோ புன்யாமீனின் வழியில் வந்தவர். இரண்டிலுமே பங்கில்லாத கோத்திரம். அவர் தண்ணீர் சுமப்பவராக இருந்தார் என்றும், தோல் பதனிடுபவராக இருந்தார் என்றும் அறிவிப்புகள் உண்டு. அல்லாஹ் கொடுத்த பதிலில் குலத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவருக்கு அறிவிலும் உடல் வலிமையிலும் அதிகமாகக் கொடுத்திருக்கிறான் என்பதுதான் பதில். போர் நடத்த வேண்டிய அரசருக்கு எது தேவையோ அந்த இரண்டையும் மட்டும் அல்லாஹ் சொன்னான்.

சோமாலியாவின் அந்த அரைப் பங்குக்குள் யார் இருக்கிறார்கள் தெரியுமா? பந்து மக்கள், பனாதிரி நகரவாசிகள் ஆகியோருடன், தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்ட மதிபான்களும், இரும்படித்த துமால்களும் இருக்கிறார்கள். பெரிய குலத்தார் பலர் அவர்களுக்குப் பெண் கொடுப்பதில்லை, அவர்களிடம் பெண் எடுப்பதுமில்லை. இன்று ஒரு தாலூத் அந்த வீடுகளில் பிறந்தால் அதிபர் பதவிக்கு அவர் பெயரை யார் முன்மொழிவார்கள்?

"ஆட்சித் தலைமை குறைஷிகளுக்கு என்று ஹதீஸில் வந்திருக்கிறதே, அதுவும் குலம்தானே?" என்று ஒரு சகோதரர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பனூ ஸாயிதா கூடத்தில் அபூபக்ர் (ரலி) அவர்கள், அரபுகள் குறைஷியரைத் தவிர வேறு எவருடைய தலைமையையும் ஏற்கமாட்டார்கள் என்றுதான் எடுத்துச் சொன்னார்கள். இப்னு கல்தூன் இதை விளக்கும்போது, மக்களைப் பிளவுபடாமல் ஒன்றுசேர்க்கும் பலம் அன்று குறைஷிகளிடம் இருந்ததே காரணம் என்கிறார். அப்படியானால் எல்லோரையும் அணைத்துச் செல்லும் ஆற்றலும் தகுதியில் ஒரு பகுதிதான். ஒரு குலத்தின் வெறுப்பைச் சம்பாதித்தவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் சோமாலியாவை ஆள முடியாது. ஆனால் "எங்கள் ஆள்" என்பதற்காக மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டவரிடம் அந்த ஆற்றலை எங்கே தேடுவது? 2021 ஏப்ரலில் அதிபரின் பதவிக்காலத்தை இரண்டாண்டு நீட்டியபோது, ராணுவ வீரர்களே குலவாரியாகப் பிரிந்து மொகதிஷு தெருக்களில் துப்பாக்கி ஏந்தி நின்றார்கள்.

குலப்பேச்சைச் சட்டத்தால் ஒழிக்கவும் பார்த்தார்கள். ஸியாத் பர்ரே குலவெறிக்கு உருவப்பொம்மை செய்து அடக்கம் செய்யும் சடங்கே நடத்தினார். குலத்தைக் கேட்பது குற்றம் என்றார். அவரைச் சுற்றி அதிகாரத்தில் இருந்தவர்களோ அவருடைய தந்தை வழிக் குலம், தாய் வழிக் குலம், மருமகனின் குலம். வாயில் தடுத்ததை நாற்காலியில் உட்கார வைத்தார். உமர் (ரலி) அவர்கள் தமக்குப் பின் தலைவரைத் தேர்வு செய்ய ஆறு பேரை நியமித்தபோது, மகன் அப்துல்லாஹ் ஆலோசனைக்கு வரலாம், பதவியில் அவருக்கு எதுவும் இல்லை என்றார்கள் (புகாரி). சுவனத்துக்கு நன்மாராயம் பெற்ற பத்துப் பேரில் ஒருவரான ஸயீத் பின் ஸைத் (ரலி) அப்போது உயிரோடு இருந்தும் அந்த ஆறு பேரில் இல்லை. அவர் உமர் (ரலி) அவர்களின் உறவினர் என்பதே காரணம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள்.

இப்போது வாக்களிப்பவர்களிடம் வருவோம். ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் மாவர்தீ, அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா நூலில், தலைவருக்கான நிபந்தனைகளைச் சொல்வதற்கு முன்பே, தேர்ந்தெடுப்பவர்களுக்கான நிபந்தனைகளைச் சொல்லிவிடுகிறார். நேர்மை வேண்டும். யார் தகுதியானவர் என்று அறியும் அறிவு வேண்டும். மிகப் பொருத்தமானவரைத் தேர்ந்தெடுக்கும் விவேகம் வேண்டும். சோமாலியாவின் மத்ரஸாக்களுக்குப் புதிய மத்ஹப் அல்ல இது, அவர்களுடைய மத்ஹபின் நூல்.

4.5 பங்கீடு இந்த இடம் இன்ன குலத்துக்கு என்றுதான் சொல்கிறது. அந்தக் குலத்தில் எந்த மனிதர் என்று அது சொல்லவில்லை. அதை அந்த 51 பேரும் 101 பேரும்தான் முடிவு செய்தார்கள். தன் குலத்துக்குள்ளேயே பத்துப் பேர் நிற்கும்போது, நேர்மையான ஆசிரியரை விட்டுவிட்டுப் பணம் கொடுத்தவருக்குக் கை தூக்கியிருந்தால், அந்தப் பழியை எந்தப் பங்கீட்டின் மீது போடுவது? தகுதியற்றவர்களிடம் பொறுப்பு ஒப்படைக்கப்படுவதை அமானிதம் பாழாவது என்றும், மறுமை நாளின் அடையாளம் என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (புகாரி). ஒப்படைப்பவருக்கும் அந்த எச்சரிக்கையில் பங்கு இருக்கிறது. அமானிதங்களை உரியவர்களிடம் சேர்க்கும்படி அல்லாஹ் இட்ட கட்டளை (4:58) அவருக்கும்தான்.

அந்த மண்ணிலேயே வேறு ஒரு காலமும் இருந்தது சகோதரர்களே. சோமாலியாவின் முதல் அதிபர் ஆதன் அப்துல்லா உஸ்மான், ஹவியே குலத்தவர். 1964-ல் அவர் பிரதமராக நியமித்த அப்துர் ரஸ்ஸாக் ஹாஜி ஹுஸைன், தாரூத் குலத்தவர். 1967 தேர்தலில் இன்னொரு தாரூத்தான அப்துர் ரஷீத் அலி ஷர்மார்கேயிடம் ஆதன் தோற்றார். படையைக் கூப்பிடவில்லை, குலத்தையும் கூப்பிடவில்லை. பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மொகதிஷு விமான நிலையத்துக்கு இன்று அவர் பெயர்தான். 2017-லும் 2022-லும் பாதுகாப்புக்காக அந்த விமான நிலைய வளாகத்துக்குள்தான் உறுப்பினர்கள் கூடி அதிபருக்கு வாக்களித்தார்கள். இரண்டு முறையும் பதவியில் இருந்தவர் தோற்றார், இருவருமே முடிவை ஏற்றுக்கொண்டார்கள். அல்ஹம்து லில்லாஹ்.

யா அல்லாஹ்! சோமாலியாவின் முஸ்லிம்களுக்கு மழையையும் பாதுகாப்பையும், பலமும் நம்பகமும் உள்ள தலைவர்களையும் தந்தருள்வாயாக. ஆமீன்.