உறைபெட்டியில் வீட்டுக்கோழி

நலமாகத் திரியும் வீட்டுக்கோழியின் குடலிலும் சால்மோனெல்லா, கம்பைலோபாக்டர் கிருமிகள் இருக்கக்கூடும். உறைநிலை அவற்றின் பெருக்கத்தைத் தடுக்குமேயன்றி, முற்றிலும் கொல்லாது.

ஆகவே, அறுத்துச் சுத்தம் செய்த இறைச்சியை முதலில் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் மூடிவைத்து நன்கு குளிர்விக்கவும். பின்னர் ஒருவேளைச் சமையலுக்கான அளவாகப் பிரித்து, உணவுக்குரிய தடித்த பைகளில் காற்றை வெளியேற்றித் தட்டையாகக் கட்டித் தேதி எழுதவும். தட்டையான பொதி விரைவில் உறையும். கடைப்பையில் அப்படியே திணித்தால் இறைச்சி வறண்டு வெளுக்கும். அது சுவைக்கேடுதான், நஞ்சன்று.

நஞ்சாவது மின்தடையில். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் தாக்கியபின் நம் மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. நிறைந்த உறைபெட்டி, திறவாதிருந்தால், ஏறத்தாழ 48 மணி நேரம் குளிர் காக்கும். பாதி நிறைந்தது 24 மணி நேரமே. உருகிக் கிடந்த இறைச்சி, மின்சாரம் வந்ததும் மீண்டும் கல்லாக உறைந்துவிடும். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. ஐயமிருப்பின், மணம் கெடாவிட்டாலும் எறிந்துவிடுங்கள். கர்ப்பிணியர், சிறு குழந்தைகள், புற்றுநோய்க்கு மருந்து உட்கொள்வோர் உள்ள வீட்டில் இதில் சிக்கனம் வேண்டாம்.

எளிய சோதனை ஒன்றுண்டு. கிண்ணத்தில் நீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்து, உறைபெட்டியிலேயே விட்டுவிடுங்கள். நாணயம் அடியில் கிடந்தால், இறைச்சியும் உருகியிருக்கும்.