புயலில் தாயைப் பிரிந்த காட்டுக் குட்டிகள்: செய்ய வேண்டியதும் கூடாததும்

2008 நவம்பரில் நிஷா புயல், 2018 டிசெம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்த வெள்ளம், 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரைகடந்த புரேவி என வன்னி பல மாரிகளைக் கண்டது. காற்று ஓய்ந்த காலையில், முறிந்த பாலை மரத்தடியில் அணில் பிள்ளையோ வேலியோரம் மான்கன்றோ கிடந்தால் பெரும்பாலும் பிள்ளைகளே முதலில் காண்பார்கள். இந்தப் பாடத்தை அவர்களோடு இருந்து வாசியுங்கள்.

1. முதலில் உங்கள் பாதுகாப்பு

குட்டியின் குரல் கேட்டதும் பற்றைக்குள் இறங்காதீர்கள். வெள்ளம் மிதிவெடிகளை இடம் மாற்றலாம். எச்சரிக்கைப் பலகைகளையும் சாய்த்துவிடலாம். பழகிய பாதையில் நின்றே பாருங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

2. தாய் உண்மையிலேயே இல்லையா?

மான் தன் கன்றைப் புல்லுக்குள் மறைத்துவிட்டே மேயப் போகும். முயல் நாளுக்கு ஓரிரு தடவைதான் பாலூட்ட வரும். காயமில்லாத குட்டியை விட்டு விலகி, நாயைக் கட்டிவைத்து, சில மணி நேரம் தூரத்தில் நின்று பாருங்கள். யானைக்கன்று என்றால் கிட்டவே போகாதீர்கள். கூட்டம் அருகில் நிற்கும்.

மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய்ப்பறவை சேர்க்காது என்பது தவறு. கூட்டிலேயே திரும்ப வையுங்கள். கூடு சிதைந்திருந்தால் சிறு பெட்டியொன்றை அதே மரத்தில் கட்டி அதில் வையுங்கள்.

அவசரப்பட்டுத் தூக்கினால் தாயையும் பிள்ளையையும் பிரித்தவர்கள் நாமாகிவிடுவோம். அந்தப் பிரிவு எப்படிப்பட்டது என்று எங்களில் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

3. தாய் வராவிட்டால்

• துணியால் பிடித்து, காற்றுத் துளையிட்ட கடதாசிப் பெட்டியில் பழைய சாரத்தை விரித்து வையுங்கள்.
• இளஞ்சூட்டு நீர் நிறைத்த போத்தலைத் துணியில் சுற்றி அருகில் வையுங்கள். குளிர்ந்த உடலுக்கு உணவு செரிக்காது; சூடுதான் முதல் மருந்து.
• பசுப்பால் கொடுக்காதீர்கள்; வயிற்றோட்டத்தால் குட்டி இறக்கலாம். வாய்க்குள் தண்ணீரும் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும்.
• இருட்டான, அமைதியான இடத்தில் வையுங்கள். பிள்ளைகள் தூக்கி விளையாட விடாதீர்கள்.

4. யாரிடம் ஒப்படைப்பது?

வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு 1992 என்ற இலக்கத்தில் அறிவியுங்கள். அல்லது கிராம அலுவலரிடம் சொல்லுங்கள். பாதுகாக்கப்பட்ட விலங்கை அனுமதியின்றி வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம். வளர்த்த குட்டிக்குக் காடும் மறந்துபோகும். 1995 முதல் உடவளவையில் திணைக்களம் அநாதை யானைக்கன்றுகளைப் பராமரிக்கிறது. அங்கே மனிதப் பழக்கத்தைக் குறைத்தே வளர்த்து, பின்னர் காட்டுக்கு அனுப்புகிறார்கள்.

5. கடித்தால், கீறினால்

காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். விசர்நோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். சிறிய கீறல்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

பிள்ளைகளோடு பேசுங்கள்: உங்கள் வளவைச் சுற்றி எந்த எந்த விலங்குகள் வாழ்கின்றன? புயலுக்குப் பிறகு ஒரு குட்டியைக் கண்டால் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள்?