ஒரு தேயிலை, பல பொதிகள்: மாற்றுவடிவங்கள் கொண்ட பொருட்களுக்குத் தரவுத்தள அமைப்பைத் தெரிவு செய்தல்

இலங்கையின் மலையகத்தில் நுவரெலியாவிலிருந்து தலவாக்கலை வழியாக ஹட்டன் வரையிலான பாதையோரங்களில், தோட்டத் தொழிற்சாலைகளை ஒட்டி அமைந்த தேயிலை விற்பனை நிலையங்களின் அலுமாரிகளில் ஒரே பெயரைத் தாங்கி நிற்கும் தேயிலை உண்மையில் ஒரு பொருள் அன்று; ஒரே தோட்டத்தின் தூள் 100 கிராம், 250 கிராம், 400 கிராம் பொதிகளாகவும், 25, 50, 100 பைகள் கொண்ட பெட்டிகளாகவும், வெவ்வேறு தரங்களிலும் விற்கப்படுவதோடு, ஒவ்வொன்றுக்கும் தனி விலையும் தனி இருப்புக் கணக்கும் உண்டு. இத்தகைய பொருட்களைத் தொடர்புசார் தரவுத்தளத்தில், அதாவது எட்கர் கொட் 1970இல் முன்வைத்த கோட்பாட்டின்படி தரவுகளை அட்டவணைகளாகப் பிரித்து அவற்றைச் சாவிகளால் இணைக்கும் அமைப்பில், இருத்த முற்படும்போது முதலில் எழும் கேள்வி அட்டவணைகள் எத்தனை என்பதன்று. ஒரு நிரை எதைக் குறிக்கிறது என்பதே அது. அக்கேள்விக்கு விடை காணாமல் தொடங்கப்படும் அமைப்பு, எந்த மென்பொருளைக் கொண்டு கட்டப்பட்டாலும், முதலாவது இருப்புக் கணக்கெடுப்பிலேயே தடுமாறும்.

மாற்றுவடிவம் என்பது, ஒரே பொருளாகக் கருதப்படுவதன் உள்ளே, வாங்குபவர் தெரிந்தெடுக்கக்கூடிய பண்பொன்றினால் வேறுபட்டு நிற்கும் அலகு ஆகும். தேயிலையில் அப்பண்புகளுள் முதன்மையானது தரம். ஒரே நாளில் ஒரே மலையில் பறிக்கப்பட்ட கொழுந்து வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, நொதிக்கவிடப்பட்டு, உலர்த்தப்பட்டபின் சல்லடைகளில் இறங்கும்போது, நீண்டு முறுகிய இலை ஓ.பி. ஆகவும், நொறுங்கிய இலை பி.ஓ.பி. ஆகவும், அதனினும் சிறியது பி.ஓ.பி.எஃப். ஆகவும், மிக நுண்ணியது டஸ்ட் ஆகவும் பிரிகிறது. ஆகவே இங்கு தரம் என்பது உயர்வு தாழ்வைக் குறிக்கும் சொல் அன்று; பெரும்பாலும் துகளின் அளவையும் தோற்றத்தையும் குறிக்கும் வணிகப் பெயர். இதை அறியாத வடிவமைப்பாளர் தரத்தை ஒன்று முதல் ஐந்து வரையான எண்ணாகச் சேமித்துவிட்டால், ஏறுவரிசையில் அடுக்கும் ஒவ்வோர் அறிக்கையும் டஸ்டைக் கடைசியில் தள்ளி, கடும் சாயத்துக்காக அதையே தேடி வாங்குபவரின் தெரிவைப் பொய்யாக்கும்.

தயாரிப்பு முறை இரண்டாவது பண்பு. உருட்டு இயந்திரத்தில் இலையை முறுக்கும் ஓர்த்தடொக்ஸ் முறைக்கும், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.ரி.சி. முறைக்கும் தரப் பட்டியல்கள் வேறு, பி.பி.1, பி.எஃப்.1 போன்றவை சி.ரி.சி. தேயிலைக்கே உரியவை. விளைந்த உயரம் மூன்றாவது. 4000 அடிக்கு மேல் விளைவது உயர்நிலத் தேயிலை, 2000 முதல் 4000 அடி வரை இடைநிலத் தேயிலை, அதற்குக் கீழ் தாழ்நிலத் தேயிலை. ஆனால் உயரம் தோட்டத்தின் இயல்பே அன்றிப் பொதியின் இயல்பு அன்று என்பதால், அது மாற்றுவடிவத்தின் நிரையில் எழுதப்பட வேண்டியதில்லை. தோட்டத்தின் நிரையில் ஒருமுறை எழுதினால் போதும். ஒரு தகவலை அது உண்மையில் சார்ந்திருக்கும் பொருளின் நிரையில் மட்டும் வைப்பதையே தரவுத்தள நூல்கள் இயல்பாக்கம் என்கின்றன.

பெரும்பாலான தவறுகள் பிறக்கும் இடம் அடுத்து வருவது. தொழிற்சாலையிலிருந்து கொழும்பு ஏலத்துக்குச் செல்லும் காகிதச் சாக்கின் மேல் தோட்டத்தின் மார்க் எனப்படும் விற்பனைப் பெயர், தரம், இன்வொய்ஸ் எண், நிகர எடை ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். இன்வொய்ஸ் எனப்படுவது இங்கு பற்றுச்சீட்டு அன்று, ஒரே தரத்தில் ஒன்றுசேர்த்துப் பொதியிடப்பட்ட ஒரு தொகுதி. சாக்கின் மேல் தரமும் இன்வொய்ஸ் எண்ணும் அருகருகே இருப்பதால் இரண்டையும் மாற்றுவடிவத்தின் பண்புகளாகவே கொள்ளத் தோன்றும். அவ்வாறு செய்தால் ஒவ்வொரு தொகுதிக்கும் புதிய மாற்றுவடிவம் முளைத்து, சில மாதங்களில் அலுமாரியில் பத்துப் பொதிகளும் தரவுத்தளத்தில் பல நூறு நிரைகளும் இருக்கும். வாங்குபவர் தெரிந்தெடுப்பது தரத்தையும் எடையையுமே; எந்த இன்வொய்ஸிலிருந்து அது வந்தது என்பது பொருளுக்கு நேர்ந்தது, வாங்குபவர் தெரிந்தது அன்று. ஆகவே தொகுதிக்குத் தனி அட்டவணை வேண்டும். இருந்தாலும் ஒரு விலக்கு உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட, குளிர்ந்த பருவத்தில் திம்புள்ளைப் பிரதேசத்துத் தேயிலை தனிச் சுவையும் மணமும் பெறுவதால், அப்பருவத் தேயிலையை ஒரு நிலையம் தனி உறையில் தனி விலைக்கு விற்குமாயின், பருவம் அந்நிலையத்தைப் பொறுத்தவரை மாற்றுவடிவத்தின் பண்பாகிவிடுகிறது. விலையோ பட்டைக்குறியீடோ மாறுகிறதா என்பதே இதற்கான உரைகல்.

இனி அமைப்புகள். எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் வைப்பது எளிமையானது: பொதி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரை, அதில் தோட்டம், தரம், எடை, விலை என்ற நிரல்கள். முப்பது பொருட்களை ஒருவரே கவனிக்கும் சிறு நிலையத்துக்கு இது போதும். அதைக் குறை கூறுவது நியாயமன்று. ஆனால் பி.ஓ.பி. என்பதை மூவர் மூன்று விதமாக எழுதத் தொடங்கும் நாளில் தரவாரியான விற்பனைக் கணக்கு பிழைக்கும். இதன் மோசமான வடிவம், பொருளுக்கு ஒரு நிரை வைத்து, 100 கிராம் விலை, 250 கிராம் விலை, 400 கிராம் விலை என எடைகளை நிரல்களாக்குவது. 200 கிராம் பொதி வரும் நாளில் அட்டவணையின் கட்டமைப்பையே மாற்ற வேண்டியிருப்பதால், எந்த அளவான நிலையத்துக்கும் இது ஏற்றதன்று.

பொருளின் இனத்துக்கு ஓர் அட்டவணை என்பது இரண்டாவது வழி: தூள் தேயிலைக்கு ஒன்று, பைத் தேயிலைக்கு ஒன்று, பரிசுப் பெட்டிகளுக்கு ஒன்று. பைத் தேயிலைக்குப் பைகளின் எண்ணிக்கை, பையொன்றின் எடை (வழக்கமாக 2 கிராம்), நூலும் சீட்டும் உண்டா என்பன போன்ற தனிப் பண்புகள் இருப்பதால் இதில் நியாயம் இருக்கிறது. எனினும் விற்பனைச் சீட்டின் வரியொன்று எந்த அட்டவணையின் நிரையைச் சுட்டுவது என்ற சிக்கல் உடனே எழும். ஓர் அட்டவணையின் நிரை மற்றோர் அட்டவணையின் நிரையைச் சுட்டப் பயன்படும் அந்நியச் சாவி ஒரே அட்டவணையைத்தான் சுட்ட முடியும் என்பதால், பொதுப் பண்புகளுக்குத் தாய் அட்டவணை ஒன்றை வைத்து, இன அட்டவணைகள் அதன் சாவியையே தம் சாவியாகக் கொள்ளுமாறு அமைத்தால்தான் இவ்வழி நிலைக்கும்.

மூன்றாவது, பண்புகளையே நிரைகளாக்கும் அமைப்பு. இதில் தரம், எடை என்ற நிரல்கள் கிடையா. மாறாக, மாற்றுவடிவ எண், பண்பின் பெயர், பெறுமதி என்ற மூன்று நிரல்கள் மட்டும் இருக்கும். 417ஆம் மாற்றுவடிவத்துக்குத் தரம் பி.ஓ.பி.எஃப். என்று ஒரு நிரை, எடை 250 என்று ஒரு நிரை, உறை தாள் என்று ஒரு நிரை. புதிய பண்பு வந்தால் கட்டமைப்பைத் தொட வேண்டியதில்லை என்பதே இதன் கவர்ச்சி. மஜென்டோ போன்ற பொதுவணிக மென்பொருள்கள் இதைக் கையாண்டது, சப்பாத்து முதல் கைத்தொலைபேசி வரை எதை விற்பார்கள் என்று முன்கூட்டி அறிய முடியாத கடைகளுக்காக. அதற்கான விலை பெரிது. எல்லாப் பெறுமதிகளும் வெறும் எழுத்துகளாகச் சேமிக்கப்படுவதால், ஒருவர் 250 என்றும் மற்றொருவர் கால் கிலோ என்றும் எழுதுவதைத் தரவுத்தளம் தடுக்காது. எடை எழுதப்படாத பொதி உள்ளே நுழைவதையும் தடுக்காது. பி.ஓ.பி.எஃப்., 250 கிராம், தாளுறை என்று தேட அதே அட்டவணையை மும்முறை எடுத்து ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். கொழும்பில் முதல் தேயிலை ஏலம் நடந்தது 1883 ஜூலை 30ஆம் திகதி. அன்று தொட்டுத் தன் தரப் பெயர்களைத் தீட்டித் தீட்டி நிலைநிறுத்திய வணிகம் ஒன்று, தன் பண்புகள் எவையென்று தனக்குத் தெரியாதது போல நடிக்கும் அமைப்பை மேற்கொள்வது, கையிலுள்ள அறிவைக் கைவிடுவதே ஆகும். தோட்டத் தேயிலைக்கு இவ்வமைப்பு பொருந்தாது.

நான்காவது வழி, மாறுபடும் பண்புகளை ஜேசன் எனப்படும் கட்டமைந்த உரையாக ஒரே நிரலுக்குள் வைப்பது. 2014இல் வெளியான போஸ்ட்கிரெஸ் 9.4 பதிப்பின் ஜேசன்பி வகையும், 2015இல் மைஎஸ்கியூஎல் 5.7 பதிப்பில் வந்த ஜேசன் வகையும் இதை இலகுவாக்கின. ஊறவைக்கும் நிமிடங்கள், சுவைக் குறிப்பு, பரிசுப் பெட்டியின் உள்ளடக்கம் போல வாசிக்க மட்டும் வேண்டிய விவரங்களுக்கு இது நல்ல இடம். கூட்டவும் ஒப்பிடவும் தடைவிதிக்கவும் வேண்டிய தரத்துக்கும் எடைக்கும் விலைக்கும் அன்று.

எஞ்சுவது, பொருளுக்கு ஓர் அட்டவணையும் மாற்றுவடிவத்துக்கு ஓர் அட்டவணையுமாக இரண்டு படிகளில் அமைப்பது. மலையகத் தேயிலைக்கு உகந்தது இதுவே. மேற்படியில் தோட்டத்தின் மார்க்கும் பொருட்பெயரும் தயாரிப்பு முறையும். கீழ்ப்படியில் விற்கத்தக்க ஒவ்வொரு பொதிக்கும் ஒரு நிரை. தரமும் பொதியளவும் தத்தம் சிறு அட்டவணைகளிலிருந்து அந்நியச் சாவியால் பெறப்படும். நான்கு தரங்களும் ஐந்து பொதியளவுகளும் இருந்தால் கணிதப்படி இருபது சேர்க்கைகள் உண்டாயினும், உண்மையில் பொதியிடப்படுபவற்றுக்கு மட்டுமே நிரை இடப்பட வேண்டும். பொருள், தரம், பொதியளவு ஆகிய மூன்றும் சேர்ந்து ஒருமுறைக்கு மேல் வரக் கூடாது என்ற தடை, ஒரே பொதி இரு எண்களில் பதிவாவதைத் தவிர்க்கும். தரமே குறிக்கப்படாத கலவைத் தேயிலைக்கு அந்நிரலை வெறுமையாக விடுவது ஆபத்தானது. வெறுமைகள் இரண்டு ஒன்றுக்கொன்று சமமல்ல என்று தரவுத்தளங்கள் பொதுவாகக் கொள்வதால் மேற்படி தடை அங்கு செயலற்றுப்போகும். 'தரம் பொருந்தாது' என்று தர அட்டவணையிலேயே ஒரு நிரை இடுவது இதற்கான எளிய மாற்று. எந்தத் தயாரிப்பு முறைக்கு எந்தத் தரம் செல்லும் என்ற இணைகளைத் தனி அட்டவணையாக்கி, தயாரிப்பு முறையையும் மாற்றுவடிவ நிரைக்குக் கொண்டுவந்து, இரு நிரல்களும் கூடிய சாவியால் சுட்டினால், ஓர்த்தடொக்ஸ் தேயிலைக்கு பி.எஃப்.1 என்று எழுதும் கைப்பிழையைத் தரவுத்தளமே மறுத்துவிடும்.

தேயிலையோடு ரீ-சட்டைகளும் கோப்பைகளும் விற்கும் நிலையங்கள், தரம், பொதி என்று நிரல்களுக்குப் பெயரிடாமல், தெரிவு, தெரிவின் பெறுமதி, அவற்றை மாற்றுவடிவத்தோடு இணைக்கும் பாலம் என மேலும் மூன்று அட்டவணைகளை வைக்கலாம். இதில் பெறுமதிகள் பட்டியலுக்குள் அடங்கியே இருக்கும். ஆயினும் ஒரே பெறுமதிகளைக் கொண்ட இரு மாற்றுவடிவங்கள் உருவாவதை எளிய தடையொன்றால் நிறுத்த முடியாது. தேயிலை மட்டும் விற்பவர் இந்தச் சுமையை ஏற்க வேண்டியதில்லை.

விலையை மாற்றுவடிவ நிரையில் எழுதுவது முதலில் வசதியாகத் தோன்றும். ஆனால் 2022 மார்ச்சில் நாணயமாற்று வீதம் தளர்த்தப்பட்டபின் சுமார் 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர் இரண்டே மாதங்களில் 360 ரூபாயை எட்டியபோது, பழைய விலையை அழித்துப் புதியதை எழுதும் அமைப்பில் முந்தைய மாத இலாபத்தை மீளக் கணக்கிட வழியே இராது. எனவே, தொடங்கும் நாளோடு கூடிய தனி விலை அட்டவணை வேண்டும். விற்பனைச் சீட்டின் வரியிலும் விற்ற விலை படியெடுக்கப்பட வேண்டும். இருப்பு, மாற்றுவடிவத்துக்கும் தொகுதிக்கும் இடையில் நிற்கும். இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை, முற்றிலும் இலங்கைத் தேயிலையைக் கொண்டு இலங்கையிலேயே பொதியிடப்பட்டவற்றுக்கே உரியது. மொத்தமாக ஏற்றுமதியாகி வெளிநாட்டில் பொதியாகும் அதே தேயிலைக்கு அது கிடையாது என்பதால், அத்தகவல் பொருளின் நிரையில் அன்றி மாற்றுவடிவத்தின் நிரையில் இருக்க வேண்டும்.

பெயர்களுக்கும் தனி அட்டவணை தேவை. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மொழிக்கு ஒரு நிரை. தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் பதிவான பெயர் ஒன்றும் தொழிலாளரிடையே வழங்கும் தமிழ்ப் பெயர் வேறொன்றுமாக இருப்பது மலையகத்தில் வழமையாதலால், தமிழ் நிரையில் இருக்க வேண்டியது ஆங்கிலப் பெயரின் ஒலிபெயர்ப்பு அன்று. கொழுந்து பறிக்கும் பெண்களின் வாயில் தலைமுறைகளாக வழங்கும் அந்தப் பெயரே. கணினிக்கான ஒரு நுட்பமும் இங்குண்டு. கண்ணுக்கு நான்கு எழுத்துகளாகத் தெரியும் 'கொழுந்து' என்ற சொல் யூனிகோடில் எட்டுக் குறிகளாலும் யூடிஎஃப்-8 வடிவில் 24 பைட்டுகளாலும் ஆனது. ஆங்கிலப் பெயரை அளந்து நிரலின் அளவை பைட்டுகளில் வகுத்தால் தமிழ்ப் பெயர் நடுவில் வெட்டுப்படும். 'கொ' என்பதிலுள்ள உயிர்க்குறியை ஒரே குறியாகவும், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் எழுத யூனிகோடு இடமளிப்பதால், திரையில் வேறுபாடே தெரியாத இரு பெயர்கள் தரவுத்தளத்துக்கு இரண்டாகத் தோன்றக்கூடும். சேமிக்குமுன் எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒரே வடிவுக்கு மாற்றிக்கொள்வது இதைத் தவிர்க்கும்.

கடைசியாகப் பொருட்குறி. தோட்டம், தரம், எடை ஆகியவற்றின் சுருக்கங்களைக் கோத்து 'நுவ-பிஓபி-250' என்று இடப்படும் குறி கவுண்டரில் நிற்பவருக்கு உதவும். ஆனால் அதையே நிரையை இனங்காட்டும் முதன்மைச் சாவியாக்கினால், பொதியின் எடை 200 கிராமாகக் குறைக்கப்படும் நாளில், குறியைத் திருத்தினால் பழைய சீட்டுகளின் தொடர்பு அறும், திருத்தாவிட்டால் குறி பொய் சொல்லும். பொருளற்ற ஓர் எண்ணைச் சாவியாக வைத்து, இக்குறியை அதன் அருகில் வாசிப்புக்கான நிரலாக வைப்பதே தக்கது. எடை குறைந்த பொதி வேறொரு மாற்றுவடிவம் என்பதால் அதற்குப் புதிய நிரை பிறக்கும். பழைய நிரை விற்பனை நிறுத்தப்பட்டதாகக் குறிக்கப்பட்டு, நீக்கப்படாமல் இருக்கும்.